உனக்கென்ன குறை என்று கேட்காதீர்கள்

மலைமுகடெல்லாம் முகில் இறங்கி நிற்கும் இந்த மாலைப் பொழுதில், இந்த மண்டபத்தின் மகுடமாய் வீற்றிருக்கும் எங்கள் மாதர் சங்கத் தலைவி ராக்காயி அம்மாள் அவர்களே! மலையில் எங்கள் வேலையை மேற்பார்த்து மிரட்டினாலும் மேடையில் எங்களோடு சிரித்துக்கொண்டிருக்கும் கண்டாக்கு ஐயா அவர்களே! கோயில் கமிட்டியின் கண்ணியமிக்க பெரியோர்களே! ராகலையிலிருந்தும் உடப்புசல்லாவையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் உறவுகளே! விடியலில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வெயிலிலும் மழையிலும் கொழுந்து கொய்து, கால் கழுவிய ஈரம் காயும் முன்னே இங்கே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி இருந்தும் உட்காராமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் ஆண்மக்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

மலையில் தினமும் "கொழுந்தைப் பார்த்து எடுங்கள்" என்று கத்துகிற கங்காணி ஜெயந்தினிதான் பேசுகிறேன். இன்றைக்கு நான் கத்தமாட்டேன். கைதட்டுகிறீர்களே, அவ்வளவு சந்தோஷமா!

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மகளிர் மேன்மை'. தலைவி அவர்கள் மன்னிக்க வேண்டும். மேன்மையை இன்னொரு மேடையில் பேசுகிறேன். இன்று ஒருத்தியின் மனவேதனையைப் பேசப்போகிறேன்.

யார் அவள்? என் கேங்கில் கொழுந்தெடுக்கும் காளியாயி. பெயரைச் சொல்லலாமா என்று நான் தயங்கியபோது அவளே சொன்னாள்: "பேரச் சொல்லியே பேசுங்க அக்கா. காய்ச்சல்ல கெடந்தவ பேர மறைப்பீங்களா? எம்பேர மட்டும் எதுக்கு மறைக்கணும்?" அதோ, கணவர் சோலைமலையோடு அமர்ந்திருக்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்காதீர்கள் அம்மா, பாவம், கூசுகிறாள்!

காளியாயியை அறியாதவர் இங்கே யார்? மேல்மலையில் அவள் சிரித்தால் கீழ்மலையில் கேட்கும். அப்படிப்பட்டவள் போன மழைக்காலத்தில் மெல்ல மெல்ல மௌனமானாள். பேச்சு குறைந்தது. சோறு குறைந்தது. தூக்கம் தொலைந்தது. செடி முன்னே நிற்பாள், கை நகராது. மாலை நிறுவையில் அவள் கூடை காற்றாய் வரும். நிறை வராதவளுக்கு அரைநாள் கணக்கு, அதாவது அரைப்பேர். அவளுக்கு நாள்தோறும் அரைப்பேர் விழுந்தது.

அப்போது ஊர் என்ன கேட்டது? "ஒனக்கு என்னாடி கொறை? புருசன் குடிக்கிறதில்ல. புள்ளைங்க நல்லாப் படிக்குது. புது வூடும் கெடைச்சிருச்சு. ஒனக்கு என்னா கொறை?" பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கையில் கேட்டார்கள். கோயில் வாசலில் கும்பிடுகையில் கேட்டார்கள். அவள் என்ன சொல்வாள்? குறையே இல்லாத வீட்டில் தான் ஏன் குமைகிறோம் என்று அவளுக்கே தெரியாதே!

தாய்மார்களே, ஒன்று கேட்கிறேன். மலையில் குளவி கொட்டி ஒருத்தி விழுந்தால் என்ன செய்கிறோம்? கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். கம்பளியில் தூக்குகிறோம். கொழுந்து லொறியை மறிக்கிறோம். விழுந்து கிடப்பவளைப் பார்த்து, "ஒனக்கு என்னா கொறை, ஒன்ன ஏன் குளவி கொட்டிச்சு?" என்று எவராவது கேட்டோமா? கேட்கமாட்டோம்! உடம்பில் கொட்டினால் ஓடுகிறோம். உள்ளத்தில் கொட்டினால் விசாரணை வைக்கிறோம்!

சோலைமலை சும்மா இருக்கவில்லை. கோடாங்கியை அழைத்தார். கையில் கயிறு கட்டினார். முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார். காளியாயி எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்தாள், எதற்கும் தலை நிமிரவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். காளியாயியைக் காணோம். பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி தேடிப் போனாள். ஆற்றுக்கு மேலே இருக்கும் பாறையில், கூடையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருந்தாள் காளியாயி. நாகலெட்சுமி கத்தவில்லை. இழுக்கவில்லை. அருகே போய், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

"காளியாயி, நேராக் கேக்குறேன், கோவிச்சுக்காத. செத்துரலாம்னு தோணுதா ஒனக்கு?"

காளியாயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நான் இல்லாட்டி எல்லாரும் நிம்மதியா இருப்பாங்கன்னு தோணுதுக்கா. இத யாருமே கேக்கல. நீதான் கேட்ட."

சொல்லிவிட்டு அழுதாளே, அத்தனை நாளும் வராத அழுகை! நாகலெட்சுமி அவளை அழவிட்டாள். அறிவுரை சொன்னாளா? இல்லை. ஆறுதல் கதை சொன்னாளா? இல்லை. "வா, நான் கூட வாரேன். ஒன்னத் தனியா விடமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்! கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சோலைமலையிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். மறுநாள் மூவரும் நுவரெலியா பஸ் ஏறினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக் வாசலில் காளியாயி உள்ளே போகாமல் நின்றுவிட்டாள். அங்கிருந்த சிங்களத் தாதி அவள் கையைப் பிடித்து, "பய வென்ட எப்பா அக்கே" என்றார். பயப்படாதே அக்கா என்றார். பாஷை வேறு, பாசம் ஒன்று!

உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர் நிரூபா. "என்னம்மா செய்யுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். எனக்குத்தான் ஒண்ணும் நல்லாயில்ல."

டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தூக்கம் பற்றிக் கேட்டார், சாப்பாடு பற்றிக் கேட்டார், பாறையில் உட்கார்ந்த கதையையும் கேட்டார். கடைசியில், "உங்களுக்கு வந்திருக்கிறது ஒரு வருத்தம் அம்மா" என்றார்.

சோலைமலை பதறிவிட்டார். "அதாங்க டாக்டர், என்னா வருத்தம்னு கேட்டா சொல்லமாட்டேங்குறா. நான் எதுலயும் கொறை வைக்கலீங்களே!"

டொக்டர் சிரித்துவிட்டார். "ஐயோ, நான் கவலையைச் சொல்லேல்லை. எங்கட பக்கம் நோயைத்தான் வருத்தம் எண்டு சொல்லுறது. காய்ச்சலும் வருத்தம்தான், சளியும் வருத்தம்தான், இதுவும் வருத்தம்தான். நீங்களும் குறை வைக்கேல்லை, அவவும் பிழை செய்யேல்லை. மருந்து தாறன். பலன் தெரியக் கொஞ்சக் கிழமை செல்லும். என்னைக் கேளாமல் நிப்பாட்டக் கூடாது. கதைக்கவும் வாங்கோ. மருந்து பாதி, கதை பாதி."

நீயும் பிழை செய்யவில்லை! அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை காலம் காத்திருந்தாள்!

இத்தோடு சுகமாகிவிட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பீலிக்கரை இருக்கிறதே! "பைத்தியத்துக்கு மாத்திரை திங்கிறாளாம்" என்று ஒரு வாய் சொன்னது. ஊர்வாய் முழுக்க மென்றது. காளியாயி ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். நிமிர்ந்தவள் மறுபடி சாய்ந்தாள். பாயைவிட்டு எழும்பவில்லை. சோலைமலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, கடைசியில் காரணத்தைத் தெரிந்துகொண்டார்.

"ஊரு பேசுறது எனக்குப் பெருசில்லங்க. நாளைக்கு நம்ம புள்ளைங்களப் பைத்தியக்காரி புள்ளைங்கன்னு சொல்லுவாங்களே" என்றாள்.

"ஊருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ மருந்தக் குடி" என்றார் அவர். டொக்டரிடம் திரும்பக் கூட்டிப்போய், மருந்தைத் திரும்பத் தொடங்க வைத்தார்.

அடுத்த நாள் காலைப் பெரட்டு. வேலை பிரிக்கும் களத்தில் ஆணும் பெண்ணுமாய் நிற்கிறோம். பேசத் தெரியாத மனிதர் சோலைமலை. சங்கக் கூட்டத்தில்கூட வாய் திறந்ததில்லை. அன்று களத்தின் நடுவில் வந்து நின்றார். பேசினார்.

"எம் பொஞ்சாதிக்கு மனசுல நோய். மருந்து எடுக்குறா. அவ பைத்தியமில்ல. பாறை வரைக்கும் போயி திரும்பி வந்துருக்கா. இனிமே யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்கணும்னா எங்கிட்ட கேளுங்க. முதுகுக்குப் பின்னாடி பேசாதீங்க. ஒங்க பேச்சு அவள மறுபடி அந்தப் பாறைக்குக் கொண்டுபோயிரும்."

அவர் பேசியதைவிட நல்ல மேடைப்பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை!

கொஞ்ச நாளில் காளியாயி மலைக்குத் திரும்பினாள். கை இன்னும் மந்தம்தான். நிறுவைக்கு முன்னே அவள் கூடையைப் பார்த்த நாகலெட்சுமி, தன் கூடையிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி அதில் போட்டாள். அடுத்தவள் ஒரு கை. அதற்கடுத்தவள் ஒரு கை. பீலிக்கரையில் வாய் நீண்டவளும் வந்து ஒரு கை போட்டாள். அன்று காளியாயிக்கு முழுப்பேர்! கண்டாக்கு ஐயா, இது உங்களுக்குத் தெரியாதில்லையா? என்ன? தெரிந்துதான் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களா? கேட்டீர்களா தாய்மார்களே! ஐயாவுக்கு ஒரு கைதட்டல்!

அங்கே ஓர் அம்மா கேட்கிறார், "அப்ப சாமி கும்பிடக் கூடாதா?" தாராளமாகக் கும்பிடுங்கள் அம்மா! கயிறு கட்டுங்கள், திருநீறு பூசுங்கள். பூசிவிட்டு பஸ்ஸும் ஏறுங்கள்! மருந்து எடுப்பவளை எந்தச் சாமி கோபித்துக்கொண்டது?

காளியாயிக்கு முழுக்கச் சுகமா? இன்னும் கிளினிக் போகிறாள். சில காலைகள் இன்னும் கனக்கின்றன. அப்படிப்பட்ட காலைகளில் இப்போது வாய்திறந்து சொல்கிறாள்: "இன்னைக்கு முடியலக்கா." சொல்லத் தெரிந்துவிட்டது. கேட்கவும் நமக்குத் தெரிய வேண்டாமா?

கடைசியாக ஒன்று. சோலைமலை பெரட்டில் பேசிய அன்று மாலை, அவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். இந்தத் தோட்டத்து ஆண்மகன். பெயரைச் சொல்லமாட்டேன். காளியாயி அனுமதி தந்தாள், அவர் இன்னும் தரவில்லை. உழைப்பாளி. யாரிடமும் கைநீட்டாதவர். யார் முன்னும் கண்கலங்காதவர். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே நின்றார். சால்வையைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சோலமல... அந்த டாக்டரம்மா ஆம்பளைங்களையும் பாப்பாங்களா?"

பார்ப்பார்கள் ஐயா! ஆணையும் பார்ப்பார்கள், பெண்ணையும் பார்ப்பார்கள்! படித்தவரையும் பார்ப்பார்கள், கைநாட்டையும் பார்ப்பார்கள்! குறையுள்ளவரையும் பார்ப்பார்கள், ஒரு குறையும் இல்லாதவரையும் பார்ப்பார்கள்! சுவரோரம் நிற்கும் என் சகோதரர்களே, அவர் கேட்ட கேள்வி உங்களில் எத்தனை பேர் நெஞ்சில் நிற்கிறது? கேளுங்கள்! மனைவியிடம் கேளுங்கள், நண்பரிடம் கேளுங்கள், வாய் வராவிட்டால் இந்தக் கங்காணியின் வீட்டு வாசலில் வந்து சும்மா நில்லுங்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு உங்களோடு கிளினிக்குக் கிளம்பிவிடுவேன்!

பேச இடம் தந்த தலைவிக்கும், பெயரைத் தந்த காளியாயிக்கும், பனியிலும் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வீடு திரும்பும் வழியில் பக்கத்தில் நடப்பவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.

வணக்கம்.