கடைசியா இறங்குற பிள்ளை

இல்ல சார், மணி கேக்கல. வாட்ச் கட்டியிருக்கேன். அந்தக் கம்பத்துல லைட்டு போட்டுட்டாங்களான்னுதான் கேட்டேன். இன்னும் இல்லையா? சரி சரி. அப்ப கொஞ்ச நேரம் இருக்கு. உக்காருங்க, பெஞ்சு ரெண்டு பேருக்குத் தாங்கும்.

நடந்து முடிச்சிட்டீங்கல்ல? எட்டு ரவுண்டு. கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க.

நான் நடக்க வர்றதில்ல. சூரியன் இறங்குறதைப் பாக்க வர்றேன். சிரிக்கலாம், பரவால்ல. வீட்லயும் சிரிக்கத்தான் செய்றா. அம்பத்தஞ்சு வயசுல உங்கப்பாவுக்குக் கவிதை வந்திருச்சுடின்னு பொண்ணுகிட்ட நக்கல் வேற. கவிதையுமில்ல ஒண்ணுமில்ல. பயம் சார். நாய் துரத்துறப்ப எவ்வளவு பக்கத்துல வந்திருச்சுன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுவோமே, அந்த மாதிரி பாக்குறேன்.

அதோ தண்ணித் தொட்டி இருக்குல்ல? நல்ல வெயில் காலத்துல அதுக்கு வலது பக்கமாத்தான் இறங்கும். அந்தப் பெரிய மரம் முழுக்க மஞ்சப் பூவா நிக்கும் அப்ப. அப்புறம் வாரா வாரம் இடது பக்கமா நகரும். மழை ஆரம்பிக்கிறப்ப தொட்டிக்கு நேர் பின்னால. இப்ப பாருங்க, செல்போன் டவர்கிட்ட வந்திருச்சு. மரமும் பாதி கொட்டிருச்சு. பனி இறங்குச்சுன்னா இன்னும் தள்ளி, அந்த ஓட்டுக் கட்டடத்துக்குப் பின்னால போயிரும். நகர நகர சீக்கிரமா இறங்கும் சார். அப்பல்லாம் ஏழு மணி வரைக்கும் இங்க உக்காந்து பேப்பர் படிக்கலாம். இப்ப ஆறு அடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருது. வாரத்துக்கு மூணு நிமிஷம், நாலு நிமிஷம். யாரும் கவனிக்கிறதில்ல. என்னடா இன்னைக்கு சீக்கிரம் இருட்டிருச்சேன்னு ஒரு நாள் சொல்லிட்டு ஸ்வெட்டரைத் தேடுவாங்க. அவ்வளவுதான். நான் ஒவ்வொரு நிமிஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன்.

ஸ்கூல் வேன் ஓட்டுறேன். அதான்.

ஆமா, சாயங்காலமும்தான். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு அஞ்சு மணிக்கு கேட்டை விட்டுக் கிளம்புவேன். பன்னெண்டு பிள்ளைங்க. கடைசிப் பிள்ளை இறங்குறப்ப ஆறு பத்து. வெயில் காலத்துல ஆறு பத்துன்னா பளிச்சுன்னு இருக்கும். வண்டியை நிறுத்திட்டு நேரா இங்க வந்துருவேன். இப்ப ஞாயித்துக்கிழமைதான் வர முடியுது. மத்த நாள்ல இந்நேரம் நான் ரோட்ல இருக்கேன்.

எனக்கு இருட்டினா கண்ணு தெரியாது சார்.

எந்த ஸ்கூலா? சொல்றேன். அதையும் சொல்லத்தான் போறேன்.

போன வருஷம் இதே பெஞ்சுலதான் தெரிஞ்சுது. அந்த சறுக்குமரத்துல ஏழு படி இருக்கு. சும்மா பொழுதுபோகாம எண்ணுவேன். சூரியன் போனப்புறமும் ஏழையும் எண்ணலாம். ஒரு நாள் எண்றேன், அஞ்சுதான் இருக்கு. கண்ணாடியைத் துடைச்சேன். துடைச்சிட்டுப் பாத்தா நாலு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு சார், சத்தியமா. யாரோ படியைக் கழட்டிட்டுப் போறானுங்கன்னு. அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போறேன், பூச்செடிக்குள்ள காலை விட்டுட்டேன். தோட்டக்காரர் ஓடி வந்து, சாயங்காலமே போட்டாச்சா பெரியவரேன்னாரு. ஆமான்னுட்டேன். குடிகாரன்னு நினைச்சாப் பரவால்லன்னு அந்த நேரத்துல தோணுச்சு பாருங்க, அதை நினைச்சாத்தான் இப்பவும் எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

டாக்டரைப் பாத்தேன். இங்க இல்ல, ரெண்டு பஸ் மாறிப் போய். இருட்டுல முதல்ல போகும், அப்புறம் ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வரும், கடைசியில குழாய் வழியாப் பாக்குற மாதிரி இருக்கும், மருந்து கிடையாதுன்னாரு. என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டாரு. மளிகைக் கடைன்னேன். வாய் தானாச் சொல்லிருச்சு. அந்தப் பொய்யை நான் யோசிச்சே சொல்லல சார், எனக்கு முன்னாடியே உள்ள ஒருத்தன் தயாரா வச்சிருந்திருக்கான். யாரு அவன்? அன்னைலேர்ந்து அவனைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.

குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னும் கேட்டாரு. எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு. விளக்கு வைக்கிற நேரம் ஆச்சுன்னா சுவத்தைத் தடவிக்கிட்டே போவாரு. நான் அவர் போற வழியில முக்காலியை வச்சேன். ஒம்பது வயசு எனக்கு. விழுந்தாரு. எல்லாரும் சிரிச்சோம், அவரும் சிரிச்சாரு. அவர் ஏன் சிரிச்சாருன்னு எனக்கு இப்பதான் புரியுது.

விட்டுடலாமேன்னு சொல்லுவீங்க. இருபத்தாறு வருஷம் சார். ஒரு கீறல் கிடையாது. ஆண்டு விழாவுல மேடைக்குக் கூப்பிட்டுக் கை தட்டினாங்க. வேன் மாமான்னுதான் இந்தப் பக்கத்துல என்னைத் தெரியும். வீட்ல சொல்லல. சொன்னா அன்னைக்கே சாவியைப் பிடுங்கி ஒளிச்சு வச்சிருவா. அதுக்குப் பயந்துதான் சொல்லல. பிடுங்க வேண்டிய சாவின்னும் எனக்குத் தெரியுது. ரெண்டும் ஒரே தலைக்குள்ள எப்படி இருக்குதுன்னுதான் தெரியல.

இருட்டு நெருங்க நெருங்க நான் ஒரு வேலை பண்ணேன். ரூட்டை மாத்தினேன். சந்து பொந்து, மேடு பள்ளம் இருக்கிற வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் முதல்ல இறக்கிட்டு, நேர் ரோட்டு வீட்டைக் கடைசியா வச்சேன். கேட்ட வீட்லல்லாம், ரோடு தோண்டியிருக்காங்கம்மா, சுத்திப் போறேன்னு சொன்னேன். எங்கயும் தோண்டல.

அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. நேர் ரோட்டுல நாலு பிள்ளைங்க வீடு இருக்கு. அதுல யாரைக் கடைசியா வைக்கிறது? வண்டியில ஒரு விளையாட்டு வச்சேன். எதிர்ல வர்றதை யாரு முதல்ல சொல்றாங்களோ அவங்களுக்கு முன்சீட்டு. ஆட்டோ, மாமா. நாய், மாமா. பச்சை சட்டை போட்ட தாத்தா ரோட்டைத் தாண்டுறாரு, மாமா. பிள்ளைங்களுக்குக் குஷி, கத்தித் தீர்த்துட்டாங்க. ஒருத்தி மட்டும் எல்லாருக்கும் முன்னாடி சொல்லிக்கிட்டே இருந்தா. ரெண்டாங் கிளாஸ். அவளைக் கடைசியா வச்சேன்.

புரியுதுல்ல சார்? இருபத்தஞ்சு நாளா கடைசி ஒண்ணரைக் கிலோமீட்டர் வண்டியை ஓட்டுறது அந்தப் பிள்ளை. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அவ சொல்லச் சொல்ல பிரேக்கை மிதிக்கிறேன். அவளுக்கு அது இன்னும் விளையாட்டுதான். ஒரு நாள், மாமா, நீங்க ஒரு தடவை கூட ஜெயிக்கவே மாட்டேங்கிறீங்களேன்னு பாவப்பட்டா. 

வெள்ளிக்கிழமை அவ தூங்கிட்டா.

ஸ்கூல்ல விளையாட்டு நாள் போல, களைச்சுப் போய் ஏறினா. மெயின் ரோட்டுல திரும்பினப்புறம் பக்கத்துல சத்தமே இல்ல. வண்டியில கூட வர்ற ஸ்கூல் ஆயா முந்தின நிறுத்தத்துலயே இறங்கிருவாங்க. எழுப்பலாமான்னு யோசிச்சேன். எழுப்பி என்னன்னு சொல்றது? கண்ணு வேணும்னா? ஓரமா நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. இருபத்தாறு வருஷம் ஓட்டின ரோடுதானேன்னு அந்த உள்ள இருக்கிறவன் சொன்னான். போனேன். டக்குன்னு ஒரு சத்தம்.

இல்ல இல்ல, ஒண்ணும் ஆகல. வேனோட சைடு கண்ணாடி போய் ஒருத்தர் சைக்கிள் ஹேண்டில்ல தட்டியிருக்கு. அவர் விழல, காலை ஊன்றிட்டாரு. ஜன்னல்கிட்ட வந்து, யோவ், கண்ணு தெரியாதான்னு கத்தினாரு. இந்த ஒரு வருஷத்துல சரியான கேள்வியைக் கேட்டது அவர் ஒருத்தர்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு சாண் சார். ஒரு சாண் இந்தப் பக்கம் அவர் இருந்திருந்தா... அவர் போட்ட சத்தத்துல பிள்ளை முழிச்சிட்டா. முழிச்சதும் முதல் வார்த்தை, சைக்கிள், மாமா, நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னா.

அவ பேரா? பேரை வண்டியில யாரும் சொல்றதில்ல. அந்த விளையாட்டு வந்ததுலேர்ந்து எல்லாரும் கழுகுன்னுதான் கூப்பிடுவாங்க.

ஆமா சார்.

ஆமா. அந்தக் கழுகுதான். வீட்ல வந்து பெருமையாச் சொல்லியிருப்பாளே. உங்களை வாசல்ல நான் பாத்ததில்ல, கேட்டுக்கு அம்மாதான் வருவாங்க. அவதான் சொன்னா, எங்கப்பா ஞாயித்துக்கிழமை பார்க்குல எட்டு ரவுண்டு நடப்பாரு, நீலத் தொப்பி போட்டிருப்பாருன்னு. நேத்து உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். இன்னைக்கும் எட்டாவது ரவுண்டு முடியற வரைக்கும் வாயைத் திறக்க முடியல.

நாளைக்குக் காலையில ஏழரைக்கு உங்க வாசல்ல ஹார்ன் அடிப்பேன். வர மாட்டேன்னு உங்ககிட்ட சத்தியம் பண்ணலாம், ஆனா என்னை எனக்குத் தெரியும், வந்துருவேன். அனுப்பாதீங்க சார். அழுவா, முன்சீட்டுக்காக அழுவா, அப்பவும் அனுப்பாதீங்க. ஸ்கூலுக்கும் நீங்களே இன்னைக்கே பேசிருங்க. மத்த பதினோரு பிள்ளைங்க இருக்காங்க. என்கிட்ட கேட்டாங்கன்னா இல்லவே இல்லம்பேன், நம்பாதீங்க. ஸ்கூல் போன் நம்பர் வேனோட முதுகுலயே பெருசா எழுதியிருக்கு.

எந்திரிச்சுட்டீங்களா? இங்க இருந்தீங்க, இப்ப பெஞ்சு காலியாத் தெரியுது. திட்டுங்க சார். கையை ஓங்கினாலும் சரி. எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுத் திட்டுங்க.