அத்தானுடைய பழைய அச்சு

"ஹலோ... ஹலோ, அத்தானா? நான்தான்... ஆமா, கடையிலேருந்துதான்... இல்லல்ல, ஒண்ணும் இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்..."

சும்மா இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் போனை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்துத்தான் அக்கா புருஷனைக் கூப்பிட்டிருந்தார். அத்தான் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குத் தகடு அடிக்கும் பட்டறை வைத்திருப்பவர். மைத்துனன் சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு.

"அக்கா எப்படி இருக்கா?... ம்... முட்டி வலியா? ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க... அங்க என்ன ஒரே சத்தம்?... ஓ, பழைய இரும்பு எடுக்க லாரியா... எதை ஏத்தறாங்க?... ஓ, பழைய அச்சையா..."

பழைய அளவு மதர்போர்டுக்குப் பெட்டி அடிக்கும் அச்சு அது; பட்டறை இத்தனை நாள் சாப்பிட்டதே அதில்தான். இனிமேல் புது அளவு போர்டுதான், பழசைச் சீண்ட ஆள் இருக்காது என்று அடித்துச் சொன்னது இவர் வாய்தான்.

"ஆமா, ஆமா... சொன்னேன்... நல்ல டிசைன்தான், இல்லேங்கல... காத்து நேரா உள்ள போய் சூட்டை அள்ளிட்டு வெளிய வந்துடும்... ஆமா, ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் இடம் மாறுது, பழைய பெட்டியில உக்காராது... புது அச்சு வந்தாச்சா?... பளபளன்னு இருக்கா... சந்தோஷம் அத்தான்..."

சந்தோஷமாம்! சொல்ல வந்ததை விட்டுவிட்டு வாய் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"பெரியவ பரீட்சை எப்படி எழுதியிருக்கா?... ம்... கெட்டிக்காரியாச்சே... ம்... அத்தான், ஒரு நிமிஷம். அந்தப் பழைய அச்சைக் குடுத்துடாதீங்க... இல்ல, வெளையாடல. புது போர்டு வராது அத்தான். கொண்டுவந்த கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான்... ஏன்னா, இப்ப வர்ற சிப்பு அவ்வளவா சூடே ஆகறதில்ல, அதுக்கு எதுக்குத் தனியா காத்துக்கு வழி?... ஆமா, பழசுதான். எல்லாரும் பழைய அளவுலயே நின்னுட்டாங்க. லாரியை நிறுத்துங்க!... என்னது?... போயிடுச்சா?... இப்ப, நாம பேசிட்டு இருந்தப்பவா?"

அத்தான் போனை எடுத்ததுமே சொல்லியிருந்தால் அச்சு பட்டறை வாசலிலேயே கிடந்திருக்கும்.

"துரத்திப் பிடிக்க முடியாதா?... அந்த இரும்புக்காரர் நம்பர்?... அதுவும் இல்லையா... ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க அத்தான்! என் தப்பு இல்லன்னு நீங்க சொல்லக் கூடாது. திட்டுங்க, நாலு வார்த்தை நல்லாத் திட்டுங்க... எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா கேக்கறீங்க? அது வந்து... இல்ல, இன்னிக்கு இல்ல. போன வாரமே தெரியும் அத்தான். என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றதுன்னு... கூப்பிடல... அத்தான்? லைன்ல இருக்கீங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"...என்ன அத்தான், மெதுவாப் பேசறீங்க?... அக்கா வர்றாளா?... போன வாரமே தெரியும்னு சொல்லக் கூடாதா? அவகிட்ட எப்படி நான்... வேண்டாம் அத்தான், நெஜத்தையே சொல்லிடறேன்... தாங்க மாட்டாளா... ம்... ம்... சரி. உங்க இஷ்டம்... குடுங்க."

போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அக்கா... ம், சாப்பிட்டேன்கா... ஆமா, அந்த விஷயம்தான்... ஆமாக்கா... இப்பத்தான்கா எனக்கே தெரிஞ்சுது."

அவள் சமாதானம் சொல்லத் தொடங்குமுன் போனை வைத்துவிட்டார்.