நானூத்திப் பன்னெண்டு கிராம் வல

அது விக்கறதுக்கு இல்ல சார். தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆவாது, வெல மட்டும் கேக்காதீங்க. உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காருங்க. போர்டு இன்னும் எழுதல, அதனால இது இன்னா கடைன்னு கேட்டுக்கிட்டேதான் எல்லாரும் உள்ள வராங்க. கொசுவல கடைதான். என் பேரு விக்ரமன். பஜார்ல ஆதிலட்சுமி ஸ்டோர்ஸ்னு இருக்குதில்ல, பாயி, தலகாணி, தார்ப்பாயி எல்லாம் விப்பாங்க, அது எங்க நைனா கட. இது என் கட. மூணு மாசமாச்சு. ஏன்டா தனியா வந்தன்னு கேட்டா, அதுக்கும் அந்த மாதிரி ஒரு வலதான் காரணம்.

இல்ல சார், கட்டிலுக்குக் கட்றது இல்ல. மலையில போய்ப் படுக்கறவங்களுக்கு. ரெண்டு கொம்ப நட்டு மேல ஒரு தார்ப்பாய கட்டிக்கணும், அது மழைக்கு. அதுக்கு அடியில இந்த வலய தொங்கவுட்டுக்கணும், இது பூச்சிக்கு. அவ்ளோதான் வீடு. விடிஞ்சா சுருட்டி முதுகுப் பையில போட்டுக்கிட்டு நடக்கலாம்.

டென்ட்டு வாங்கிக்கலாமே. அதான, நானும் அதத்தான் கேட்டன், நீங்க கேக்கற அதே மூஞ்சியோட. டென்ட்டு ரெண்டு கிலோ, காத்து வராது, நம்ம ஊரு பாற வெயில் போனப்புறமும் மூணு மணி நேரம் சூடு கக்கும், அதுக்குள்ள படுத்தா இட்லி மாதிரி வெந்துடுவன்னு பதில் வந்துச்சு. யாரு சொன்னதா? கஸ்டமருதான். ஒரு மேடம்.

போன வருசம் தை அமாவாசைக்கு மொத நாளு. மேல்மலையனூருக்குப் போற கூட்டம் வெட்டவெளியிலதான் படுக்கும், அதனால ப்ளாஸ்டிக் ஷீட்டும் கொசுவலயும் அள்ளிக்கிட்டுப் போவும். எங்க கடைக்கு அங்காளம்மன்தான் சேல்ஸ் மேனேஜர். லீவே போடாம மாசம் ஒரு நாளு டூட்டிக்கு வந்துடும். அந்தக் கூட்டத்துல இந்த மேடம் வந்து, கைக்கு அடக்கமா ஒரு துணிப் பொட்டலத்த கவுன்ட்டர்ல வச்சாங்க. பிரிச்சா பாதி கடைய மூடற தார்ப்பாயி. காத்தா பறக்குது. இதுக்கு அடியில தொங்கற மாதிரி ஒரு வல வேணும், அரைக் கிலோவுக்கு மேல போவக்கூடாதுன்னாங்க. கொசுவலய எடை சொல்லி கேட்டவங்கள நான் அன்னிக்குத்தான் பாத்தன். எங்க நைனா கல்லாவுல இருந்தபடியே, தொட்டில்ல போடற கொடவல ஒண்ணு எடுத்துக் குடுத்து அனுப்புடான்னுட்டாரு. மேடம் அவர ஒரு பார்வ பாத்தாங்க. காலு எங்க சார் நீட்டுவன்னாங்க.

வேலையா? ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்றவங்க. நாள் பூரா கொசு கடிச்சவங்க ரத்தத்தத்தான் பாக்கறன், லீவு நாள்லயும் அதுங்களோட சகவாசம் வச்சிக்க முடியாதுன்னாங்க. சனி ஞாயிறு ஆனா ஜவ்வாது மலை, இல்லன்னா இங்கயே சுத்துப்பட்டுல ஏதாவது ஒரு குன்னு. தனியாவும் போவாங்க. பயம்னு ஒண்ண அவங்களுக்கு வைக்க மறந்துட்டாங்க போல.

சரி, நான் தச்சிக் குடுத்தன். சாதா வலதான், கூம்பு மாதிரி, உச்சியில ஒரு கயிறு, அத தார்ப்பாய்ல கட்டிக்கலாம். சூப்பரா இருக்குதுன்னு எனக்கே ஒரு கர்வம். ஒரு வாரம் கழிச்சி வந்து முழங்கைய நீட்டுனாங்க, கை பூரா செகப்பு செகப்பா தடிப்பு. கொசு இல்லயாம், கடுகுல பாதி இருக்கற ஒரு பூச்சி, நம்ம வலக்கண்ணுல பஸ் ஸ்டாண்டுக்குள்ள வர மாதிரி வந்துட்டு வந்துட்டு போயிருக்குது. அப்புறம் மெட்ராசுல சொல்லி பொடிக்கண்ணு வல வரவழைச்சன். அதுல கருப்பு எடுங்கன்னாங்க. வெள்ளன்னா வெளிச்சம் பட்டு கண்ண மறைக்கும், கருப்புன்னா உள்ள படுத்துக்கிட்டே வானம் தெரியும். இருவது வருசமா வல விக்கறன், எனக்கு இது தெரியாது.

அடுத்தது தரை. அடியில துணி இல்லன்னா பூரானும் தேளும் நேரா படுக்கைக்கே வரும். நான் நீல தார்ப்பாய்லயே வெட்டி அடியில கோத்துட்டன். எதிர்ல சுந்தரமூர்த்தி அண்ணன் நகைக்கட, அங்க தராசுல வச்சோம். தங்கம் நிறுக்கற தராசு சார், அதுல கொசுவலய வச்சா அவரு இன்னா சொல்வாரு, செய்கூலி சேதாரம் போட்டுடட்டுமான்னாரு. எண்ணூத்தி எழுவது கிராம். மேடம் அங்கயே சேர்ல உக்காந்து சிரிச்ச சிரிப்புல, தாலி எடுக்க வந்த குடும்பம் ஒண்ணு திரும்பிப் பாத்துச்சு.

அப்புறம்தான் கொடத் துணி. ஆமா, மழைக்குப் புடிக்கற கொடைதான். லேசு, ஆனா கொஞ்ச நேரத்துல ஊறும். அதனால சிலிக்கான் பசைய தின்னர்ல கரைச்சி ரெண்டு பூச்சு பூசுனோம். கடைக்குப் பின்னாடி கொடியில போட்டு மூணு நாளு காய வச்சன், நைனா மூணு நாளும் தும்முனாரு. அந்தத் தரைய அப்படியே நாலு விரக்கட மேல தூக்கி, தொட்டி மாதிரி சுத்தி தச்சன். தண்ணி ஓடி வந்தாலும் உள்ள வராது, ஊர்றதும் ஏறாது. ஜிப்பு வக்கறதுல ஒரு சண்ட. நான் வழக்கமா வலது பக்கம்தான் தெறக்கற மாதிரி வப்பன். அவங்க இடது கைக்காரங்க.

ஏன் சார் சிரிக்கறீங்க? சரி, வுடுங்க.

எல்லாம் பிரிச்சி மறுபடி தச்சன். ஜிப்ப இழுக்கறதுக்கு பொடி ரன்னரு, மூலைக்கு எலாஸ்டிக்கு, காத்துல தார்ப்பாயி ஆடுனா வல கிழியாம கூட ஆடும். கடசியில கத்திரிக்கோல எடுத்து எங்க கட லேபிள வெட்டிட்டாங்க. ரெண்டு கிராமாம். ஆதிலட்சுமின்றது எங்க அம்மா பேரு மேடம்னன். அப்ப வெட்டியிருக்கக்கூடாதுன்னு, அந்தத் துண்ட எடுத்து பர்சுல வச்சிக்கிட்டாங்க. அதுவும் ரெண்டு கிராம்தானன்னு கேட்டன். மலைக்கு பர்ச எடுத்துட்டுப் போறதில்லன்னாங்க. நானூத்திப் பன்னெண்டு கிராம் வந்துச்சு. சுந்தரமூர்த்தி அண்ணன் ஒரு சீட்டுல எழுதியே குடுத்தாரு, ஹால்மார்க் கெடையாதுன்னு.

அதோட வுட்டிருக்கணும். நான்தான் வாய வச்சிக்கிட்டு சும்மா இல்லாம, இனிமே ஒரு பூச்சி உள்ள வராதுன்னு சொல்லிட்டன். அப்ப நீங்களே படுத்துக் காட்டுங்கன்னாங்க. ஞாயித்துக்கெழம பனமல ஏரிக்கரையில, சாயங்காலம் அஞ்சர மணிக்கு, கொசுங்க ஷிப்ட்டு மாத்தற நேரமாப் பாத்து உள்ள படுக்க வச்சாங்க. நான் கொஞ்சம் ஒசரம் இல்லீங்களா, கால் கட்ட வெரலு வலய முட்டுது. முட்டுன எடத்துல வெளிய இருந்தே கடிக்குது சார். வல தோல்ல படக்கூடாது, அதுதான் பாடம். கால் பக்கம் ஒரு சாண் கூட்டணும்னு அங்கயே முடிவாச்சு. வெளிய உக்காந்து பொட்டுக்கடல சாப்ட்டுக்கிட்டே மேடம் கேட்டாங்க, இதுக்கு முன்னாடி எப்பவாவது வெளிய படுத்திருக்கீங்களான்னு. யோசிச்சிப் பாத்தா வீடு, கட, பஸ்ஸு, இத வுட்டு நான் கண்ண மூடுனதே இல்ல. இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்ல கொசுவல கெடையாது. விக்கற சரக்க பிரிக்கக்கூடாதுன்னு நைனா கண்டிசன். முப்பத்தி மூணு வருசமா கொசுவல யாவாரி புள்ளையா கொசுக்கடி வாங்கிக்கிட்டிருக்கன்.

அத சொன்னப்ப அவங்க சிரிக்கல சார். உங்களுக்கு வேணும்றத ஒரு தடவகூட கேட்டதில்லயான்னாங்க.

ஐப்பசியில தீபாவளி கூட்டம். அவங்க சீயமங்கலம் குன்னுக்குப் போறன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அன்னிக்குப் புடிச்ச மழ விடல. மறுநாளு காலையில போன் அடிச்சா சுவிட்ச் ஆப். பத்து மணிக்கு அடிச்சன், பத்தரைக்கு அடிச்சன். கடை பூரா ஜனம், நைனா பில்லு போடறாரு, நான் மீட்டர் கோல அப்படியே கீழ வச்சிட்டு வண்டிய எடுத்துட்டன். எங்கடான்னாரு. சரக்கு பாக்கன்னு சொன்னன். தீபாவளிக்கு முந்தின நாளு எவன் சரக்கு பாக்கப் போவான், எனக்கே தெரியும் அது பொய்யின்னு. வழியெல்லாம் தண்ணி. நான் தச்ச தையல ஒவ்வொண்ணா நெனைச்சிக்கிட்டே போனன். எந்த மூலையில நூலு அறுந்து திரும்ப முடிச்சுப் போட்டன், எந்த எடத்துல பசை சரியா பூசல, எல்லாம் ஞாபகம் வருது. மனுசன் பரிச்சைக்குக்கூட இப்படி படிச்சிருக்க மாட்டான்.

கொகைக் கோயிலுக்குப் பின்னாடி பாறை மறைவுல தார்ப்பாயி தெரிஞ்சிது. ஓடுனன். எழில் இன்னா பண்ணிக்கிட்டிருந்தா தெரியுங்களா, பண்ணிக்கிட்டிருந்தாங்க. சரி, இருந்தா. உள்ள சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு ஒரு தேள வேடிக்க பாத்துக்கிட்டிருந்தா. அது தொட்டி மேல ஏறப் பாத்து நாலு தடவ வழுக்கி வுழுந்துச்சாம். உன் தையல் தாங்குதுன்னா. ஒரு சொட்டு உள்ள இல்ல. போன்ல சார்ஜ் இல்ல, அவ்ளோதான் வெசயம். நான் தொப்பலா நனைஞ்சி நிக்கறன். உள்ள வான்னுகூட சொல்லல, ஏன்னா ஒத்தாள் வல, நான் நொழைஞ்சா கிழியும். பறக்கற தார்ப்பாய் மூலைய புடிச்சிக்கிட்டு மழையில நின்னன். உள்ள இருந்தே, ரெண்டாள் அளவுல ஒண்ணு தைக்கறதுன்னா இன்னா எடை வரும்னு கேட்டா.

அறுநூத்தி எண்பதுக்குள்ள முடிச்சிடலாம்னன். எங்களுக்குள்ள நடந்த பேச்சு அவ்ளோதான்.

எங்க வீட்லயா? நான் திரும்பி வரதுக்குள்ள கடைத்தெரு சொல்லிடுச்சு. நைனா அவ படிப்பக் கேக்கல, வேலையக் கேக்கல. எந்தத் தெருன்னு மட்டும் கேட்டாரு. நான் சொன்னன். அத்தோட என் கூட பேச்ச நிறுத்திட்டாரு. பேசறதுன்னா கஸ்டமரு வழியாத்தான். வந்தவங்ககிட்ட, அந்தப் பையன லைட்ட அமத்தச் சொல்லுங்கம்பாரு. அவங்களும் பாவம், என்னப் பாத்து சொல்வாங்க. ரெண்டு மாசம் இப்படி ஓடுச்சு. ஒரு நாளு அவள கடைக்குள்ள வரக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னாரு, நேராவே சொன்னாரு, என் மூஞ்சிய பாத்து. நான் தையல் மெஷின மட்டும் தூக்கிக்கிட்டு வந்துட்டன். வருத்தம் இல்லன்னு சொன்னா பொய் சார். இன்னிக்கும் அந்த வழியா போவறப்ப கால் தானா ப்ரேக்குக்குப் போவுது.

நீங்க பாத்துக்கிட்டிருக்கறீங்களே, அதுதான் ரெண்டாளு. அறுநூத்தி எழுவத்தஞ்சி. ரெண்டு பக்கமும் ஜிப்பு, எடது ஒண்ணு, வலது ஒண்ணு.

நீங்க வாசல்ல வண்டிய நிறுத்தனப்பவே தெரியும் காமராஜ் சார். உங்க போட்டோவ அவ போன்ல நூறு தடவ பாத்திருக்கன். ரெஜிஸ்டர் ஆபீஸ் போர்டுல நோட்டீஸ் ஒட்டி இருவத்தி ஏழு நாளாச்சு, யாராவது பாத்துட்டு உங்ககிட்ட சொல்வாங்கன்னும் தெரியும். அவதான் சொல்றன் சொல்றன்னு சொல்லி ராவெல்லாம் யோசிச்சி காலையில மாத்திக்குவா. தேளுக்கு பயப்படாதவ, அப்பா வேணாம்னுட்டா இன்னா பண்றதுன்னு மட்டும்தான் பயப்படறா. நீங்க எதுக்கு பயப்படறீங்கன்னும் எனக்குத் தெரியும். நம்ம பக்கம் பேப்பர்ல வரத நானும்தான் படிக்கறன். ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருக்கன், விழுப்புரத்துல வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்தாச்சு, எங்க நைனா வாயிதான் பெருசு, மேல கை வைக்கற ஆளு இல்ல. அதையும் மீறி ஒண்ணுன்னா நான் முன்னாடி நிப்பன். நின்னு இன்னா ஆவும்னு கேட்டா அதுக்கு பதில் இல்ல. ஆனா நிப்பன்.

வர்ற வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு கையெழுத்து. சாட்சிக்கு மூணு பேரு வேணுமாம். சுந்தரமூர்த்தி அண்ணன் ஒருத்தரு, அவ ஆஸ்பத்திரி நர்ஸ் மேடம் ஒருத்தங்க. மூணாவதா எங்க அம்மா வரன்னாங்க, நைனாவுக்குத் தெரியாம. எழில்தான் வேணாம்னுட்டா, அத்த வந்து பின்னாடி நிக்கட்டும், அந்த எடம் காலியாவே இருக்கட்டும்னுட்டா.

ஆதார் ஜெராக்ஸு ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்தா போதும் மாமா. போட்டோ அவங்களே புடிச்சிக்குவாங்க.