தவிலுக்கு இன்னொராள்

தேத்தண்ணி ஆறமுதல் குடியுங்கோ. நீங்கள் கேட்டு வந்ததை ஒளிக்காமல் சொல்லுறன்.

எனக்குக் கெட்ட பழக்கம் ஒண்டும் இல்லை. தாளம் பிழைச்சால் கோபம் வரும், அவ்வளவுதான். எங்கட மேளச் செற்றில நான் நாதஸ்வரம். தவில், என்ர தங்கச்சி கமலாசனியின்ர மனுசன் கனகலிங்கம். கிளிநொச்சிச் சண்டைக்குள்ள பக்கத்தில ஷெல் விழுந்து அவருக்கு ஒரு காது போச்சு. மற்றதும் அரைவாசிதான். அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் கீர்த்தனையை முடிச்சு மூச்சு விட, அவர் பின்னால தட்டிக்கொண்டு வருவார். முரசுமோட்டைக் கோயிலில சனம் வாயைப் பொத்திச் சிரிச்சுது. அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. அந்தச் சூடு இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

நல்லபடியாச் சொல்லிப் பார்த்தனான். "மச்சான், கொஞ்சக் காலம் ஆறியிருங்கோ" எண்டன். அவர் சிரிச்சுக்கொண்டு, "நான் இல்லாட்டி உமக்கு ஆர் வாசிக்கிறது?" எண்டார்.

சிவகரன் எண்டொரு தவில்காரப் பொடியன் இருந்தான். அவன்ர கை தவிலில பட்டால் என்ர மூச்சே நீளும். ஆனால் மச்சானை வெளியில விட்டால் தங்கச்சி என்னோட கதைக்கமாட்டாள். அவளின்ர மனம் நோகக்கூடாதெண்டு நான் எவ்வளவோ யோசிச்சனான்.

எங்கட வளவுக்குப் பின்பக்கக் காட்டில, மிதிவெடி இருக்கெண்டு மண்டையோடு கீறின பலகை தொங்கினது. வெடி எடுக்கிற நீங்கள் தேடி வந்த பலகை அதுதான். ஒரு காலமை போய்க் கழட்டிக் கொண்டுவந்து கோழிக்கூட்டுக்குக் கதவா வைச்சன். பிறகு மச்சானிட்டைச் சொன்னன், பின்பக்கம் வெடியெல்லாம் எடுத்துத் துப்பரவாக்கிப்போட்டினம், பட்ட பாலைமரம் நிறையக் கிடக்கு, விறகுக்குப் போங்கோ எண்டு. காதுக்குக் கிட்டப் போய் இன்னொருக்காலும் சொன்னனான். அவர் பிழையா விளங்கிப்போடக் கூடாதெல்லே.

வெடிக்கேக்கை நான் நாயனத்தில வைச்சு ஊதுற சீவாளியை நனைச்சுக்கொண்டிருந்தன்.

முழங்காலுக்குக் கீழ இடது கால் போச்சு. ஆஸ்பத்திரிக்கு என்ர சைக்கிளிலதான் கொண்டுபோனது. தங்கச்சி என்ர கையைப் பிடிச்சு அழுதாள். சிவகரன் வந்து சேர்ந்தான். ரெண்டு திருவிழா வாசிச்சம். அப்பிடி நான் ஒருநாளும் வாசிச்சதில்லை.

பிறகு மச்சான் ஊண்டுகோலோட வாசலில வந்து நிண்டார். "தவில் இருந்துகொண்டுதானே வாசிக்கிறது. கை ரெண்டும் இருக்கு" எண்டார். தங்கச்சியும், "அண்ணை, அவரை விட்டிடாதேங்கோ" எண்டாள். கால் போன மனுசனை வேண்டாமெண்டு எந்த வாயால சொல்லுறது? சிவகரன் வேறை செற்றோட போயிட்டான்.

இப்ப மச்சான் மேடையில ஏறவே சனம் கண்ணைத் துடைக்குது. அண்டைக்குச் சிரிச்ச அதே சனம். தாளம் முந்தியைவிட மோசம். கைதட்டு முழுக்க அவருக்கு. நான் பக்கத்தில இருந்து பல்லைக் கடிச்சுக்கொண்டு ஊதுறன்.

ஓம், பலகையை எடுத்தது நான்தான். வெடி கிடக்கெண்டு தெரிஞ்சுதான் அனுப்பினனான். ஆனால் அவரில எனக்கு ஒரு பகையும் இல்லை. செத்திருந்தால் மனசார அழுதிருப்பன். அதுக்கும் அவர் இடம் வைக்கேல்லை.