வேனுக்குக் கட்டுன பட்டு

இல்ல மேடம், ஒங்க கம்பெனில வேலை பழக வந்த அந்தப் பிள்ளை எங்ககிட்ட சொல்லவே இல்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? கிராணியா? கணக்கு எழுதுற சாம்பசிவம் கிராணி ஆபீஸ விட்டு வெளிய வந்தே பல நாளாச்சு, லைன் வீட்டுப் பக்கம் யாரு வந்தா யாரு போனான்னு அவருக்கு எப்பிடித் தெரியும். ஒக்காருங்க. அதுல வேணாம், காலு ஆடும். இங்க. தேத்தண்ணி கலக்கிட்டேன், குடிச்சிக்கிட்டே பேசலாம்.

அந்தப் போனு எதுக்கு மேசை மேல இருக்கு? ரெக்கார்டு ஓடுதா? இல்லன்னா சரி, ஆனா கவுத்து வச்சிருங்க. தப்பா நெனைக்காதீங்க மேடம். வேன் குடுத்த அன்னிக்கும் இப்பிடித்தான் ஒங்க ஆளு ஒருத்தன், சும்மா பேசுங்கம்மான்னான். அப்பறம் பாத்தா பேஸ்புக்ல நானு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறேன். என் தம்பி சிரம்பான்லேர்ந்து போன் போட்டுக் கேக்குறான், பல்லு வலியா அக்கான்னு.

என் பேரா? அம்சவல்லி. ஃபேக்டரில பேக்கிங், பதினெட்டு வருசம். அதையும் எழுதிக்கிறீங்களா. எழுதுங்க. கொழுந்து எடுக்குறதெல்லாம் இப்ப பங்களாதேஷ் பையங்கதான், ரெண்டு பேரு ரெண்டு பக்கம் மெசினு புடிச்சி சரசரன்னு போயிடுவாங்க. நாங்க பொம்பளைங்க மலையில நின்னு எடுத்து எத்தனையோ வருசம். அதான் எங்களுக்கு வெளங்கல. நீங்க தர்ம நடை நடத்துறீங்க. கோலாலம்பூர்லேர்ந்து முந்நூறு பேரு தேயிலைக்குள்ள நடக்குறாங்க, கடைசியில காசு போட்ட கம்பெனி மொதலாளி டத்தோ வந்து தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி வேன் குடுக்குறாரு. நல்ல விசயம். யாரு வேணாம்னா. அதுக்கு நாங்க எதுக்கு பூட்ஸு போட்டு, கிழிஞ்ச சட்டை போட்டு, முதுகுல கூடையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கணும்? அந்தக் கூடையே பிரிஞ்சாங் டூரிஸ்டு கடையில வாங்குனது. வெல ஒட்டுன பேப்பரக் கூடக் கிழிக்கல.

ஆனா சொல்லுச்சு லா. அந்தப் பிள்ளை வந்து சொல்லுச்சு. மொத நாளு சாயங்காலம், தூறிக்கிட்டு இருந்துச்சு, கொடையும் இல்ல, பன்னெண்டு வீடும் ஏறி எறங்குச்சு. எல்லா வாசல்லயும் அதே பேச்சுதான். நாளைக்கு வேலைத் துணி போட்டுக்கிட்டு வாங்க, நகை வேணாம், பூ வேணாம். சொல்றப்ப அதுக்கே மொகம் சரியில்ல. இருந்தாலும் சொல்லுச்சு. தங்கம்மாவக் கேளுங்க, அடுத்த வீடுதான். நீங்க கேக்காட்டியும் சொல்லும், அது வாயி அப்பிடி.

அப்பறம் ஏன் அத்தன பேரும் பட்டுக் கட்டிக்கிட்டு வந்து நின்னோம்னு கேக்குறீங்க. வேன் வருது இல்ல மேடம். புது வண்டி. ஒங்க வீட்டுக்குப் புதுக் காடி வந்தா என்னா செய்வீங்க? மஞ்சக் குங்குமம் வைக்க மாட்டீங்களா? டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்க மாட்டீங்களா? சேத்து பூட்ஸோட போயி புது வண்டிக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா. அதுவும் நோயாளிய ஏத்துற வண்டி. அதான் கட்டுனோம். அவ்வளவுதான்.

படத்துல நல்லா வரலதான், ஒத்துக்குறேன். டத்தோ டீசட்டையில நிக்கிறாரு, பக்கத்துல தங்கம்மா கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கிது. கழுத்து நெறையப் போட்டிருக்கவங்களுக்குத் தர்மம் எதுக்குன்னு எவனோ கீழ எழுதியிருக்கான். படிச்சேன். பாதி கவரிங்னு அவனுக்கு யாரு போயிச் சொல்றது. டத்தோ கம்பெனில ஒங்கள ஏசிட்டாங்க, ஒங்களுக்கும் சூசாதான், தொல்லைதான், இல்லங்கல. ஆனா நீங்க எங்கள ஏசல. அந்தப் பிள்ளையப் புடிச்சிக்கிட்டீங்க.

என்னா ரிப்போர்ட்டு? அந்தப் பிள்ளை படிக்கிற யுனிவர்சிட்டிக்கு அனுப்புறதா. ஓ. நீங்க கையெழுத்துப் போடலன்னா ஆறு மாசமும் வீணா? மறுபடி வேற கம்பெனி தேடி மொதல்லேர்ந்து செய்யணுமா. ம்.

இத ஏன் மேடம் என்கிட்ட இவ்வளவு வெவரமா சொல்றீங்க? நானு யாரோ ஒரு பேக்கிங்காரி. என் மொகத்தையே பாத்துக்கிட்டு வேற சொல்றீங்க. ஒங்களோட வந்த அந்த சீனப் பையன் எங்க, கேமராவோட? காடியிலயே இருக்கச் சொல்லிட்டீங்களா. எதுக்குத் தனியா ஏறி வந்தீங்க?

நானு என்னா நெனச்சேன் தெரியுமா. வேன் பத்திப் பேச வந்திருப்பீங்கன்னு நெனச்சேன். அட்டையில இவ்வளவு பெரிய சாவி செஞ்சு குடுத்தீங்க, அது கிராணி ஆபீஸ்ல தொங்குது. வண்டிய ஸ்டிக்கர் ஒட்டணும்னு அன்னிக்கே கீழ கொண்டு போனாங்க. மூணு வாரமாச்சு. முருகையா அண்ணன் வாரத்துக்கு மூணு நாளு கிட்னி கழுவப் போறாரு, இன்னைக்கும் திரிங்காப் ஊருக்குப் போற காய்கறி லோரிலதான் கோசுக்கு நடுவுல ஒக்காந்து போயிருக்காரு. வரும்னா வரட்டும், நானு கொறை சொல்லல. நீங்க சேலைக்காக இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தீங்க, வேனுக்காக வரல. அதத்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளை ஒங்ககிட்ட நல்லாத்தான் கத்துக்கிச்சு மேடம். தண்ணிப் போத்தலக் குடுக்குறப்ப கம்பெனி பேரு கேமராவப் பாக்கணும். காலி நாற்காலி படத்துல விழுவக் கூடாது, பெரிய மனுசன் வர்றதுக்குள்ள ஆளுங்கள முன்னால நகத்திப்புடணும். பேப்பர்காரங்களுக்குச் சாப்பாடு மொதல்ல, பேச்சு அப்பறம். யாரு கண்ணு கலங்குதோ அங்க மைக்க நீட்டணும். படம் எடுத்து முடிச்ச பொறவுதான் கண்ணு தொடைக்க டிசு குடுக்கணும். மத்ததெல்லாம் தொழிலு, கத்துக்கலாம், ஆனா அந்த டிசு வெசயந்தான் மனசுக்கு ஒப்பலன்னு சொல்லுச்சு. ரெண்டு நாளு சரியா சாப்புடக் கூட இல்லியாம்.

எனக்கு எப்பிடித் தெரியுமா? அது... வீடு வீடா வந்தப்ப சொல்லுச்சு. பேசுற பிள்ளைதான.

சரி மேடம். எதுக்குச் சுத்திச் சுத்திப் பேசிக்கிட்டு. பேனாவ எடுங்க. தங்கம்மாவக் கேக்க வேணாம், அது மேலயும் பழி வேணாம். பட்டு கட்டச் சொன்னது நாந்தான். அந்தப் பிள்ளை கடைசி வீட்டுல சொல்லிட்டு ரோட்டுக்கு எறங்குச்சு இல்ல, அது தலை மறைஞ்சதும் நானு அதே பன்னெண்டு வீட்டுக்கும் போனேன். எலுமிச்சம்பழம், மஞ்சக் குங்குமம் எல்லாம் நாஞ்சொல்லிக் குடுத்த பேச்சுதான். நல்ல காரியம்னு அவங்களும் நம்புனாங்க, கட்டுனாங்க. அம்சவல்லி, பேக்கிங், இவதான் செஞ்சான்னு எழுதுங்க. கீழ கையெழுத்து வேணும்னா போடுறேன். தோட்டத்து மேனேஜருகிட்ட நீங்க சொன்னாலும் சரி.

யாரு செஞ்சதுன்னு நீங்க எவ்வளவு கேட்டும் அது ஆளு பேரச் சொல்லலன்னீங்க பாருங்க, வந்ததும் வராததுமா. திமிருன்னு நெனச்சிக்கிட்டீங்க. யாரு செஞ்சான்னு அதுக்குத் தெரியும் மேடம். காலையில எங்கள பட்டோட பாத்த ஒடனே தெரிஞ்சிருக்கும். எப்பிடி வாயத் தொறக்கும், பாவம்.

வேனுக்கா? வேனுக்குன்னு அவங்ககிட்ட சொன்னேன்.

குடிங்க, ஆறிப் போவுது. அன்னிக்கி அது ஒங்க கம்பெனி அட்டையக் கழுத்துல மாட்டிக்கிட்டு, காதுல ஒரு ஒயர வச்சிக்கிட்டு, டத்தோவையே கொஞ்சம் இப்பிடித் தள்ளி நில்லுங்கன்னு சொல்லுச்சு. அவரும் நின்னாரு. அது வேலை பாக்குறத நானு பாக்குறது அதான் மொத தடவ. ஒங்ககிட்ட ஈப்போ அட்ரஸக் குடுத்திருக்கும், அது என் தங்கச்சி வீடு. இந்த லைன்ல பொறந்தவன்னு தெரிஞ்சா என்னையே மேடையில ஏத்திக் கதை சொல்லச் சொல்லுவாங்கம்மா, யாரும் காட்டிக்காதீங்கன்னு போன்ல கெஞ்சுச்சு. அதனால லைன் பூரா அத மிஸ்ஸு மிஸ்ஸுன்னுதான் கூப்புட்டோம். தங்கம்மா மட்டும் ரெண்டு தடவ தனுன்னு ஆரம்பிச்சி இருமிக்கிட்டு நின்னுச்சு. நானும் மிஸ்ஸுன்னுதான் கூப்புட்டேன். பெத்த பிள்ளைய மொத மொதல்ல மிஸ்ஸுன்னு கூப்புடப் போறேன், கிழிஞ்ச சட்டையோடவா மேடம் போயி நிப்பேன்.