அட்டை அசையும்வரை

“விரல் எண்டா சதை. தொடுற அட்டையையே மறைச்சுப்போடும். மவுஸுக்கு அம்புக்குறி தெரியும், விரலுக்கு என்ன தெரியும்?”

“ஆக்களுக்குப் பொறுமை இல்லை, நிரோ. தொட்ட உடன இழுபட வேணும்.”

பக்கத்து வீட்டுச் சண்டை. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நல்ல சண்டை நடந்தால் என் கீரையில் ஒரு காம்பு மிஞ்சாது.

பக்கத்து வீட்டுச் சுகிர்தனும் அவனோடு வேலை செய்ய வரும் நிரோஜினியும் கலியாணத் தரகர் சோமசேகரத்தாருக்கு டப்லட்டில் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் அட்டையை இழுத்து மாப்பிள்ளையின் அட்டைமேல் விட்டால் ‘குறிப்புப் பொருந்துது, எங்களுக்குச் சம்மதம்’ என்று இரண்டு வீட்டுக்கும் செய்தி போகும். மற்றவர்தான் முதலில் கேட்டார் என்று இரு வீட்டாரும் நினைப்பார்கள். பிறகு மானம் பார்த்து ஒருவரும் பின்வாங்கார். தரகர் லேசுப்பட்டவரல்ல.

இவர்கள் இருவரும் கட்டப்போகிறவர்கள் என்பது துறைமுகத்தடியில் எனக்கு மட்டும்தான் தெரியும். மதில் அவ்வளவு பதிவு, ஆளுயரம்கூட இல்லை. வேலை முடிந்ததும் வீட்டில் சொல்வதாக இருந்தார்கள். அது தெரியாமல் அவளுடைய தகப்பன் குணரத்தினம் மகளின் குறிப்பைத் தரகரிடம் கொடுத்திருந்தார். அந்த அட்டையும் உள்ளே கிடந்தது.

“நல்லம்மா அக்கா, ஒருக்கா வாங்கோ.” கணினி தெரியாத விரல் ஒன்று வேண்டுமாம். போனேன். பட்டியலை மேலே தள்ளத்தான் பார்த்தேன். ஒரு பெண் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்து கட்டைபறிச்சான் ஊர் மாப்பிள்ளை ஒருவர்மேல் விழுந்தாள்.

“பாத்தீங்களோ, அக்கா உருட்ட வெளிக்கிட்டுச் சம்பந்தம் முடிச்சிட்டா” என்று நிரோஜினி கைதட்டினாள். செய்தி போகாமல் பூட்டி வைத்திருந்ததால் மூவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அவள் வென்றாள். அதன்பிறகு, அட்டை அசையும்வரை அழுத்திப் பிடித்தால்தான் இழுபடும். விட்டதும் ‘அனுப்பவா?’ என்று கேட்கும்.

வெள்ளிக்கிழமை மதிலுக்கு மேலால் ஒரு கதை வந்தது: கலியாணம் முடிய இருவரும் கொழும்புக்கு, வீடும் பார்த்தாயிற்று. என் வீட்டுக்கு மற்றப் பக்கம் ஸெய்னுதீன் நானாவின் ஐஸ் கிடங்கு. ஐஸ் கதைக்காது.

ஞாயிறு சும்மா போனேன். எனக்குத் தேத்தண்ணி போடச் சுகிர்தன் குசினிக்குள் போனான். டப்லட் கதிரையில் கிடந்தது, செய்திப் பூட்டு எடுபட்டு.

திங்கள் காலை ஈச்சிலம்பற்றிலிருந்து இராகுலன் என்ற மாப்பிள்ளையின் வீட்டார் வாழைக்குலையோடு குணரத்தினத்தாரின் வாசலில் வந்து இறங்கினார்கள். நிரோஜினி நேரே சுகிர்தனிடம் வந்தாள்.

“உது தவறுதலா நடக்க ஏலாது. அப்பிடித்தான் நான் செய்து வைச்சனான். தோத்த கோபத்தில என்னைத் தூக்கி ஆருக்கோ குடுத்திட்டீங்கள்.”

“நானில்லை, நிரோ. அக்காவும் இருந்தவ.”

அவள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “அக்கா, நீங்கள் தொட்டனீங்களோ?”

“எனக்கு உதெல்லாம் எங்க பிள்ளை பிடிபடும்? அண்டைக்குப் பாத்தனீர்தானே.”

பார்த்தவள்தான். நம்பினாள்.

ஞாயிறன்று நிரோஜினியின் அட்டையை அழுத்திப் பிடித்தேன். அட்டை அசைந்தது. இராகுலன்மேல் கொண்டுபோய் விட்டேன். ‘அனுப்பவா?’ என்றது. ‘ஓம்’ என்பதைத் தொட்டேன். பிறகு தேத்தண்ணி வந்தது. சீனி கொஞ்சம் கூடுதல்.

நிரோஜினி ஆவணியில் இராகுலனைக் கட்டிக்கொண்டு ஈச்சிலம்பற்றுக்குப் போனாள். சுகிர்தன் கொழும்பு வீட்டுக்குத் தனியாகப் போனான். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. என் கீரையில் இப்போது முழுக்கக் காம்புதான்.

‘அனுப்பவா?’ என்று அது இன்னொருதரம் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.