கையால சுத்துற மெஷின்

இல்ல தம்பி, மிதிக்கிற மெஷின் வேணாம்னு வந்ததுலேருந்து சொல்றேன், நீங்க அதுகிட்டயே என்னை இழுத்துட்டுப் போறீங்க. நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லைன்னா? எண்ணெய் விட்டு பளபளன்னு வச்சிருக்கீங்க. ஆனா வேணாம். மோட்டாரும் வேணாம், அதுக்கும் கீழ கால் வச்சு அழுத்தணும்ல? சக்கரத்துல கைப்பிடி வச்சு வருமே, அந்தக் காலத்து இரும்பு மெஷின், அது குடுங்க. உங்க கடையிலதான் கெடைக்கும்னு பஸ்ஸுல ஒரு அம்மா சொன்னாங்க. அவங்க வார்த்தையை நம்பி ஓடியாந்திருக்கேன்.

அலமாரி மேல துணி போத்தி வச்சிருக்கீங்களே, அது என்ன? அட! இதேதான்! எறக்குங்க தம்பி.

வித்தாச்சா? யாருக்கு? காபிக்கடைக்கா? காபிக்கடையில மெஷினை வச்சு என்ன தைப்பாங்க? ஓ, அழகுக்கா. கோவிச்சுக்காதீங்க தம்பி, கறக்குற மாட்டை போட்டோ எடுக்க வாசல்ல கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. கையில காசு வாங்கிட்டீங்களா? வாங்கலையில்ல? வாய் வார்த்தைதானே? அவங்களுக்கு வேற ஏதாவது குடுங்க. ஓடாத மெஷின் எத்தனை கெடக்கு இங்க! அழகுக்கு ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன். பேரம் பேச வரல நான்.

அதான், மனசு எறங்கிட்டீங்க. நல்லா இருப்பீங்க.

எனக்குத் தைக்கத் தெரியாது தம்பி. எம் பொண்ணுக்குத்தான். அவ பழைய மெஷினை எப்படிப் பாப்பான்னு பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். மொதல்ல நூல் கோக்காம சும்மா சுத்துவா. எங்கயாவது திக்குதான்னு கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பா. இருங்க, சுத்திப் பாக்கறேன்... திக்கல. இந்தாங்க துணி, அவ வெட்டி வச்ச ஜாக்கெட்ல மிஞ்சினது. ஒரு தையல் ஓட்டிக் காட்டுங்க. அடியில நூல் சுருண்டுக்குதே? இறுக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்க. ஹாங், இப்பப் பாருங்க, எறும்பு போற மாதிரி எவ்வளவு நேரா போகுது! பாபின் எல்லாக் கடையிலயும் விக்கிறதே போதுமா? அப்பாடா.

நாளைக்கு அனுப்பி வைக்கறீங்களா? ஐயோ, இப்பவே வேணும். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க, அவளைக் கூட்டிட்டுப் போக. பெரியவங்க எல்லாரும் சேர்ந்து பேசி முடிச்சிட்டாங்க. அவளும் சரின்னு தலையாட்டிட்டா. ஏண்டின்னா, இங்க உக்காந்து நான் என்னம்மா பண்ணப் போறேன், உனக்குப் பாரமாங்கறா. அவ தைச்ச ஜாக்கெட்டுக்காகத் தெருவே காத்துக் கெடந்துச்சு தம்பி. அவ எனக்குப் பாரமா?

நல்லதுதானேன்னு நீங்களும் சொல்றீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. புருஷன் வீடுன்னா முன்னபின்னத்தான் இருக்கும், சட்டி பானை இருந்தா இடிக்கத்தான் செய்யும்னு. எங்க அண்ணனே கேக்கறார், பொண்ணை வாழாவெட்டியா வச்சுக்கப் போறியான்னு. சபையில பேசி ஜெயிக்க எனக்கு வாய் பத்தாது. அவங்க வந்து நிக்கிறப்ப இந்த மெஷின் அவ முன்னாடி இருக்கணும். இந்தப் பிடியை அவ ஒரு சுத்து சுத்திட்டாப் போதும், அப்புறம் அவளே பேசிக்குவா. அந்த ஒரு சுத்துக்குத்தான் உங்க கிட்ட இப்படிக் கெஞ்சிட்டு நிக்கிறேன்.

இன்னொண்ணு தம்பி. இந்தச் சின்னப் பலகை வேணாம். நல்ல கனமான மேஜையா பாத்து, அதுல வச்சு போல்ட் போட்டு இறுக்கிடுங்க. தெரியும் தம்பி, எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம்னுதான் கை மெஷினையே வாங்குவாங்க. இருக்கட்டும். எனக்கு யாரும் தூக்க முடியாதபடி வேணும். ஒரு ஆம்பளை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தாலும் அசையக் கூடாது.

பழசு இருந்தா விலையில கழிச்சுக்குவீங்களா? இருந்துச்சு. இதே மாதிரி இரும்புதான், மிதிக்கிறது. அது இப்போ போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. கேஸை வாபஸ் வாங்கினா திரும்பக் கெடைச்சுடும்ங்கறார் அண்ணன். எதுக்குக் கேஸா? ஸ்டாண்டுலேருந்து அதைக் கழட்டித் தூக்கித்தான் அவ கால் மேல போட்டார் மாப்பிள்ளை. பாதம் இனிமே சரியாகாதுன்னுட்டாங்க.

கை நல்லா இருக்கு தம்பி. ரெண்டு கையும் நல்லா இருக்கு.